தேடியதற்குக் கூலி

கார் நடுரோட்டில் நின்றுபோவதைப் பற்றி ஓய்வு பெற்ற குமாஸ்தா என்ன எழுதிவிடப் போகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். நான் மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடித்த கை இல்லை, பேனா பிடித்த கை. ஆனால் போன வருடம் சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் என் பழைய ஃபியட் என்னைப் படுத்திய பாட்டில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். என் மேல் இருக்கும் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி 1988 மாடல் பிரீமியர் பத்மினி. பெயர் மாறினாலும் புதுச்சேரியில் எங்கள் வயதுக்காரர்கள் அதை ஃபியட் என்றுதான் சொல்வோம். 1996-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். 1089 சிசி இன்ஜின். கார்புரேட்டர், இன்ஜினே தட்டி ஓட்டும் பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், கண்டென்சர். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. தில்லியில் போல இங்கே 15 வருடத்தோடு வண்டியின் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. தகுதி இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன சித்திரையில் ஒரு நாள் கடலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. கிருமாம்பாக்கம் வந்ததும் வண்டி இரண்டு தடவை குலுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசம். ஓரம் கட்டுவதற்குள் நின்றேவிட்டது. பானட்டைத் திறந்து வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

இந்த மாதிரிப் பழுதுதான் மிகவும் பொல்லாதது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடும். பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலில் நின்றதும் வலி போய்விடுமே, அந்தக் கதை.

எங்கள் மெக்கானிக் இருபத்தைந்து வருடமாக இந்த வண்டியைப் பார்ப்பவர். சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் காயிலாக இருக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம்தான். பழைய காயிலும் கண்டென்சரும் சூட்டில் மக்கர் செய்து, ஆறியதும் சரியாகும். காயிலை மாற்றினோம். ஊருக்குள் நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் திண்டிவனம் ரோட்டில் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கிட் மாற்றினார். பத்து நாள் கழித்து மறுபடி நின்றது. பம்பிலிருந்து பெட்ரோல் போதிய வேகத்தில் வரவில்லை என்று பம்பை மாற்றினார். அதுவரை 7,400 ரூபாய் ஆகியிருந்தது.

அப்புறம்தான் அந்த ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடலூரிலிருந்து திரும்பி வரும்போது, கடலூர் சாலை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றுவிட்டது. கேட் திறந்துதான் இருந்தது. ரயில் எதுவும் வரவில்லை. ஆனால் பக்கத்தில் என் மனைவி. முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். கதவைத் திறந்து கீழே இறங்குவதற்கே அவளுக்கு இரண்டு நிமிடம் வேண்டும். சாவியைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், பிடிக்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன். மோட்டார் சைக்கிளில் வந்த மூன்று பையன்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். அந்தப் பக்கம் போய் நின்றபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "வீட்டுக்கு ஆட்டோவில போயிடலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கியர் வண்டி இப்படி ஆபத்தான இடத்தில் நின்றால், முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கினால், பேட்டரி பலத்திலேயே வண்டி சில அடி நகர்ந்துவிடும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும் என்றிருக்கும் புது வண்டிகளில் இது நடக்காது. எனக்கு இது தெரியும். பதற்றத்தில் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் கடைக்குப் போனேன். நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால், "பார்ட்டு மாத்தி மாத்தி எங்கிட்ட காசு பிடுங்கறியா?" என்று கேட்டுவிட்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், அன்னிக்கு மழையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு கூப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அரை நாள் உக்காந்து தேடினேன். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஒரு ஒயர் விட்டிருந்துச்சு. ஐநூறு கேட்டேன். இருபது ரூபா ஒயருக்கு ஐநூறாடான்னு சொல்லி இருநூறு கொடுத்தீங்க. ஆனா காயிலுக்கும் பம்புக்கும் பில்லு காட்டினா ஒரு வார்த்தை பேசாம கொடுக்கறீங்க. நான் என்ன சார் பண்ணட்டும்?"

அது நடந்தது 2011-இல். எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. பதில் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1971-லிருந்து 2009 வரை 38 வருடம் குமாஸ்தா உத்தியோகம். பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளில் எதையாவது தேட வேண்டும் என்றால் என் மேஜைக்குத்தான் வரும். ஒருவருடைய தாத்தாவின் பெயர் ஒரு ஏட்டில் ஒரு எழுத்துக்கூட்டலில் இருக்கும், இன்னொரு ஏட்டில் வேறு மாதிரி இருக்கும். ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போகும். கடைசியில் வெளியே போவது அரைப் பக்கக் காகிதம். "அரைப் பக்கத்துக்கு ஒரு நாள் சம்பளமா?" என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. தேடியதற்காகத்தான் அரசாங்கம் எனக்கு 38 வருடம் சம்பளம் கொடுத்தது. இன்றும் பென்ஷன் கொடுக்கிறது. அந்த நான், தேடிக் கண்டுபிடித்த ஒருவருக்கு முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பக்கலோரேயா வகுப்பில் எங்களுக்குத் தத்துவம் ஒரு பாடம். தெகார்த் 1637-இல் எழுதிய புத்தகத்தில் நான்கு விதிகள் வரும். தெளிவாகத் தெரியாத எதையும் அவசரப்பட்டு உண்மை என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. சிக்கலைச் சிறு சிறு கூறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் போக வேண்டும். எதுவும் விட்டுப்போகவில்லை என்று கடைசியில் ஒருமுறை முழுக்கச் சரிபார்க்க வேண்டும். வாத்தியார் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். மெக்கானிக் விஷயத்தில் முதல் விதியையே கோட்டைவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கடைக்குப் போனேன். "தம்பி, நேத்துப் பேசினது தப்பு" என்றேன். அங்கே நின்றிருந்த பையன்கள் கேட்கும்படியாகவே சொன்னேன். பிறகு, "இன்னிக்கு ஒரு பார்ட்டும் மாத்தாதே. தேடு. கண்டுபிடிச்சாலும் கண்டுபிடிக்காட்டியும் தேடினதுக்கு ஆயிரத்து ஐநூறு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உக்காருங்க சார்" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அன்று அவர் பார்த்த வரிசையைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

முதலில், எப்படி நின்றது என்று கேட்டார். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. குலுங்கி, திணறி, மிதித்தால் இன்னும் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. என் வண்டி இரண்டாவது வகை. இதை நான் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தால் காயில் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை. "நின்னு போகுது, பாரு" என்றுதான் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது, வண்டியை ஓட்டிக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே பார்ப்பது. அவரும் கூட வந்தார். தவளக்குப்பம் தாண்டி நின்றது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே கையால் ஆக்சிலேட்டரை இழுத்தார். உள்ளே பெட்ரோல் இருந்தால் மெல்லிய கம்பிபோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்திருந்தால் ஸ்பார்க்கைத் தேடப் போகலாம். ஒரு சொட்டுகூட வரவில்லை. கிண்ணம் காலி. ஆக, குற்றவாளி கார்புரேட்டருக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறான்.

மூன்றாவது, பெட்ரோல் டேங்க் மூடி. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். பழைய வண்டிகளில் பலவற்றில் மூடியிலேயே அதற்கு வழி இருக்கும், சிலவற்றில் தனிக் குழாய் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். எங்களுக்குக் கேட்கவில்லை. அதுவும் இல்லை.

நான்காவது, பம்ப். ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுப் பார்த்தார். வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போவது உண்டு. கோடையில் பழைய டாக்சிக்காரர்கள் பம்பில் ஈரத் துணி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி போட்டும் மாற்றமில்லை. காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார். விட்டு விட்டு வேகமாக அடிக்க வேண்டிய பெட்ரோல் கொஞ்சமாகக் கசிந்தது. இதைப் பார்த்துத்தான் போன தடவை பம்பை மாற்றினார். ஆனால் புதுப் பம்பும் அப்படியே கசிகிறதே. கிணற்றில் தண்ணீர் ஊறாவிட்டால் மோட்டாரை மாற்றி என்ன பயன்?

ஐந்தாவது சோதனைதான் வழக்கைத் தீர்த்தது. கடைக்குத் திரும்பியதும், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வழியை மொத்தமாகத் துண்டித்துவிட்டு, ஒரு சின்ன டின்னில் பெட்ரோல் ஊற்றி, சூடு படாத இடத்தில் இறுக்கிக் கட்டி, தனிக் குழாய் போட்டு அதிலிருந்து பம்புக்குக் கொடுத்தார். அனுபவமில்லாதவர்கள் இதைச் செய்யவே கூடாது. தீப் பிடிக்கும் வேலை. அவரே ஓட்டினார். கிருமாம்பாக்கம் வரை போய்த் திரும்பினார். ஒரு குலுங்கல் இல்லை. ஆக, பம்ப் நல்லது, கார்புரேட்டர் நல்லது, காயில் நல்லது. பழுது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

அந்த வழியில் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்றுதான். டேங்க், இரும்புப் பைப், பைப்பையும் பம்பையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். பைப்பில் டேங்க் பக்கமாகக் காற்று அடித்தார். டேங்குக்குள் குமிழி விடும் சத்தம் நன்றாகக் கேட்டது. அடைப்பு இல்லை. மிச்சம் ஹோஸ். வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லை, ஒழுகல் இல்லை. கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உள் பூச்சு ஊறிப்போய், ஒரு பக்கம் தோல்போல் உரிந்து தொங்கியது. பம்ப் மெதுவாக இழுத்தால் பெட்ரோல் வரும். நெடுஞ்சாலை வேகத்தில் பலமாக இழுத்தால் அந்தத் தோல் வந்து வழியை மூடிக்கொள்ளும். வண்டி நின்று இழுப்பு அடங்கியதும் தோல் விலகி வழிவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஓடியதன் ரகசியம் இதுதான். ஊருக்குள் நிற்காததற்கும் இதுதான் காரணம்.

புது ஹோஸ் 80 ரூபாய். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கினோம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைக்கும், டேங்கில் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும், ஈரத்தை இழுக்கும். ஆனால் என் ஹோஸைக் கெடுத்தது அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஹோஸுக்கும் வயதாகியிருந்தது. ஒருவரை அவசரப்பட்டுக் குற்றம் சாட்டியதே போதும். எப்படியானாலும், கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுவது நல்லது. அப்படியே ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

என் கருத்துக்கு வருகிறேன். மெக்கானிக்குகள் இப்போது பழுது பார்ப்பதில்லை, பார்ட்டுதான் மாற்றுகிறார்கள் என்று நம் வயதுக்காரர்கள் எல்லோரும் புலம்புகிறோம். பெரிய ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் இதே புலம்பல்தான். ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலரை அப்படிப் பழக்கியது நாம்தான். பார்ட்டுக்குப் பில் இருந்தால் பேசாமல் கொடுக்கிறோம். மூளைக்கும் நேரத்துக்கும் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். நாலு மணி நேரம் தேடி 80 ரூபாய் ஹோஸைக் கண்டுபிடிப்பவனுக்கு நஷ்டம், தேடாமல் பம்பை மாற்றுபவனுக்கு லாபம் என்று ஆக்கி வைத்துவிட்டு, அவன் ஏன் தேடவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒண்ணுமில்லை, போங்க" என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்.

புது வண்டிக்காரர்கள், "எங்களுக்கு ஸ்கேனர் இருக்கிறது, கம்ப்யூட்டரே சொல்லிவிடும்" என்பார்கள். கம்ப்யூட்டர் சொல்வது அறிகுறியை. பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்லலாம். ஃபில்டரா, டேங்குக்குள் இருக்கும் மோட்டாரா, அதன் ரிலேயா, ஒயரா என்று ஒரு ஆள்தான் வரிசையாகத் தேட வேண்டும்.

பிரெஞ்சில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்பதை 'பான் சேஷ்' என்பார்கள். உலர்ந்த பழுது என்று அர்த்தம். என் வண்டிக்கு வந்தது ஒரு விதத்தில் அதுதான். டேங்க் நிறையப் பெட்ரோல், இன்ஜினுக்கு ஒரு சொட்டு இல்லை.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, வண்டியை விடும்போது பழுதை எழுதிக் கொடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியதும் நின்றது, எந்த வேகத்தில், வெயிலா மழையா, சட்டென்றா திணறியா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. அலுவலகத்தில் நோட் போட்டவர்களுக்கு இது கஷ்டமில்லை. இரண்டு, ஒரு பார்ட்டை மாற்ற வேண்டும் என்றால், "இதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சோதித்தவர் சந்தோஷமாகச் சொல்வார். மூன்று, தேடும் கூலியை முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் நஷ்டமில்லை. 7,400 ரூபாயில் தீராதது 1,580 ரூபாயில் தீர்ந்தது.

அன்று சாயங்காலம் கணக்குத் தீர்க்கும்போது ஆயிரத்து ஐநூறோடு இன்னொரு முந்நூறும் வைத்தேன். "இது எதுக்கு சார்?" என்றார். "2011 பாக்கி" என்றேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

வண்டி இப்போது கடலூர் போய் வருகிறது. மனைவி ரயில்வே கேட் வரும்போது மட்டும் இன்னும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அதைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்காலும் முடியாது. நான்தான் மெதுவாக ஓட்ட வேண்டும்.

உங்கள் வண்டியும் இப்படி ஏதாவது வித்தை காட்டியிருந்தால் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.